சிறைச் சுவருக்குள் தாதி வேலை: கையெழுத்துப் போடும் முன் நம் பிள்ளைகள் அறிய வேண்டியவை

தாதிமைப் படிப்பை முடித்த பிள்ளைக்கு அடுத்து என்ன என்று கேட்டால், ஜாசினிலும் அலோர் காஜாவிலும் பெரும்பாலான வீடுகளில் வரும் முதல் பதில் சிங்கப்பூர். அதற்கு அப்பால் சவூதி, இங்கிலாந்து. அமெரிக்காவில் ஒரு சிறைச்சாலையில் மூன்று மாத ஒப்பந்தம் என்று ஒரு பெண் சொன்னால் போதும், வீடே எழுந்து நின்றுவிடும். "பொம்பளப் பிள்ளைய ஜெயிலுக்கா அனுப்புறது?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதோடு பேச்சை முடித்துவிடுவது சரியல்ல.

அமெரிக்காவில் 'டிராவல் நர்ஸ்' என்பவர் ஒரே மருத்துவமனையில் நிரந்தரமாக வேலை செய்பவர் அல்லர். ஒரு முகவர் நிறுவனம் அவரை ஆள் பற்றாக்குறை உள்ள இடத்துக்கு அனுப்பும். வழக்கமான ஒப்பந்தம் 13 வாரம். அது முடிந்ததும் வேறு ஊர், வேறு வேலையிடம். அப்படிப்பட்ட வேலையிடங்களில் சிறைகளும் உண்டு. அந்நாட்டில் சிறைகளிலும் தடுப்புக் காவல்களிலும் இருப்போர் சுமார் 18 லட்சம் பேர். 1976-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு வழங்கியது. டெக்சஸ் சிறையில் பஞ்சு மூட்டை விழுந்து முதுகில் அடிபட்ட கேம்பிள் என்ற கைதி தொடுத்த வழக்கு அது. கைதியின் கடுமையான நோயை வேண்டுமென்றே கண்டுகொள்ளாமல் விடுவது அரசியலமைப்புக்கு எதிரானது என்று நீதிமன்றம் சொன்னது. கேம்பிளுக்கு அந்த வழக்கில் வெற்றி கிடைக்கவில்லை. ஆனால் அதன் பிறகு சிறைக்குள் மருத்துவ வசதி வைப்பது சட்டக் கடமையாகிவிட்டது. அங்கே இந்த வேலை ஒரு தனித் துறையாக வளர்ந்ததற்கு இதுதான் அடித்தளம். இங்கிலாந்தில் 2006-இல் சிறை மருத்துவம் முழுவதும் தேசிய சுகாதாரச் சேவையின் பொறுப்புக்கு வந்தது.

நம் ஊருக்கு வருவோம். மலாக்காவில் சுங்கை ஊடாங் சிறை இருக்கிறது. இளம் குற்றவாளிகளுக்கு தெலோக் மாஸ் ஹென்றி கர்னி பள்ளி இருக்கிறது. நம் நாட்டுச் சிறைக் கிளினிக்குகளைப் பெரும்பாலும் கவனித்துக்கொள்பவர்கள் எம்.ஏ. என்று நாம் அழைக்கும் மருத்துவ உதவி அதிகாரிகள். இவர்கள் வேறு யாருமல்லர். நம் தோட்டத்து 'டிரசர்' வழி வந்தவர்கள்தாம். டிரசர் பிறகு ஹாஸ்பிட்டல் அசிஸ்டண்ட் ஆனார். தோட்ட ஹாஸ்பிட்டல் அசிஸ்டண்டுகளைப் பதிவு செய்ய 1965-இல் தனிச் சட்டமே வந்தது. லயத்தில் காய்ச்சலென்றால் முதலில் ஓடியது டிரசரிடம்தானே. இந்த ஏற்பாட்டால் நம் நாட்டில் 'சிறைத் தாதி' என்பது ஒரு பெண் திட்டமிட்டுப் போய்ச் சேரக்கூடிய தனித் துறையாக வளரவில்லை. அதனால்தான் இந்த வேலையைத் தேடுபவர் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சுவருக்குள் யார் மருந்து கொடுக்கிறார், யார் நாடி பிடித்துப் பார்க்கிறார் என்பது நமக்கு ஊர்க்கதை அல்ல. 2013 ஜூனில், மலாக்கா எல்லையை ஒட்டிய தம்பினில், போலீஸ் தடுப்புக் காவலில் இருந்த கருணாநிதி இறந்தார். 2021-இல் கோம்பாக்கில் தடுத்து வைக்கப்பட்டிருந்த கணபதி, பிறகு செலாயாங் மருத்துவமனையில் தீவிரச் சிகிச்சையில் இருந்து ஏப்ரல் 18-இல் உயிரிழந்தார். மக்கள் தொகையில் 7 விழுக்காட்டுக்கும் குறைவான நம் பெயர்கள் காவல் மரணச் செய்திகளில் அந்த விகிதத்துக்கு மேலாகவே வருகின்றன. 2016-இல் சுஹாகாம் காவல் மரணங்கள் குறித்து வெளியிட்ட அறிக்கை, தடுத்து வைக்கப்பட்டவர்கள் மீது அவசரமும் அக்கறையும் இல்லை என்பதைத் தலைப்பிலேயே சொன்னது. நெஞ்சு வலி என்று ஒருவன் தமிழில் முனகினால் அது நடிப்பா, மாரடைப்பா என்று பிரித்தறியப் பயிற்சி பெற்ற ஒருவர் அங்கே இருப்பதும் இல்லாததும் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இந்தத் தாதியின் வேலை என்ன? உள்ளே வரும் ஒவ்வொருவரையும் முதலில் பரிசோதிக்க வேண்டும். காசநோய், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி, இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு எல்லாம் வரும். போதைப் பொருள் திடீரென நின்றதால் வரும் வாந்தியும் நடுக்கமும் வரும். (நம் நாட்டுச் சிறைகளிலும் 2008 முதல், கிளந்தான் பெங்காலான் செப்பாவில் தொடங்கி, மெத்தடோன் சிகிச்சை நடக்கிறது.) அடைக்கப்பட்ட முதல் சில நாள்களில் தற்கொலை ஆபத்து அதிகம், அந்தக் கண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். ஊசி, கத்தரி எல்லாம் எண்ணி எடுத்து எண்ணி வைக்க வேண்டும். சொந்த ஊர், வீடு, தொலைபேசி எண் எதையும் கைதியிடம் சொல்லக் கூடாது. காவலர் எப்போதும் பக்கத்தில் இருப்பார். உடல் அளவில் பல மருத்துவமனை அவசரப் பிரிவுகளைவிட இது ஆபத்தானது என்று சொல்லிவிட முடியாது. உண்மையான சிக்கல் வேறு. "அவன் நடிக்கிறான், விடு" என்று காவலர் சொல்லும்போது மறுத்துப் பேச வேண்டும். 2015-இல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகள் தாதியின் பக்கம் நிற்கின்றன: வெளியில் கிடைக்கும் அதே தரச் சிகிச்சை கைதிக்கும் கிடைக்க வேண்டும், மருத்துவ முடிவைச் சிறை அதிகாரிகள் மாற்றக் கூடாது. ஆனால் நள்ளிரவில் அந்த விதியைச் சொல்லி நிற்பதற்கு அனுபவம் வேண்டும். என் கருத்தில், டிப்ளோமா முடித்த கையோடு போகக்கூடிய வேலை அல்ல இது. இரண்டு ஆண்டாவது அவசரப் பிரிவிலோ மனநலப் பிரிவிலோ கை பழகியிருக்க வேண்டும்.

வழியும் நீளமானது. முதலில் மலேசியத் தாதியர் வாரியப் பதிவு, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பணிச் சான்றிதழ். அமெரிக்கா என்றால் என்கிலெக்ஸ் தேர்வு, ஆங்கிலத் தேர்வு, படிப்புச் சான்றுகளின் சரிபார்ப்பு. அந்தச் சரிபார்ப்பில் மகப்பேறு, குழந்தை நலம், மனநலம் ஆகிய பயிற்சிகளும் இருந்தனவா என்று பார்ப்பார்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கேட்டுவிடுவது நல்லது. பிறகு குடியேற்ற விசாவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு. போனதும் டிராவல் நர்ஸ் ஆகிவிடவும் முடியாது. விசாவுக்கு ஏற்பாடு செய்யும் முதலாளியிடம் முதல் சில ஆண்டுகள் கட்டுப்பட்டிருப்பதே வழக்கம்.

நமக்குக் கைக்கெட்டும் படி சிங்கப்பூர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சாங்கி சிறை வளாகத்திலும் மருத்துவச் சேவை உண்டு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. 2025 ஏப்ரல் முதல் ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாடுகளில் பதிவு பெற்று 1,800 மணி நேரம் பணியாற்றிய தாதியருக்கு விரைவான பதிவு வழியைத் திறந்திருக்கிறது. இதற்கும் படிப்புத் தகுதி உண்டு, எல்லாருக்கும் பொருந்திவிடாது. ஆனால் சிங்கப்பூர் அனுபவத்தை வெறும் சம்பளக் கணக்காகப் பார்க்காமல், அடுத்த கதவின் சாவியாகவும் பார்க்கலாம். 1960-களில் இங்கிலாந்துக்குத் தாதிமை பயிலப் போன மலாயாப் பெண்களில் நம்மவர்களும் இருந்தார்கள். கடல் தாண்டுவது நமக்குப் புதிதல்ல.

முகவர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் நிறுவனத்துக்கு 1981-ஆம் ஆண்டு தனியார் வேலை முகவர் சட்டத்தின் கீழ் உரிமம் இருக்க வேண்டும். தொழிலாளர் இலாகாவில் விசாரித்தால் தெரிந்துவிடும். இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கடப்பிதழை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். அரசாங்கச் செலவில் படித்தவர்கள் தங்கள் சேவை ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று முதலில் பாருங்கள்.

விளம்பரத்தில் வரும் வாரச் சம்பளத்தை 52-ஆல் பெருக்கி வீட்டுக்குக் கணக்குச் சொல்லவும் வேண்டாம். வாடகைப் படி அதில் சேர்ந்திருக்கலாம், வரி கழிந்திருக்காது, ஒப்பந்தம் பாதியில் ரத்தாவதும் நடக்கும். ஒரு 13 வாரத்துக்கும் அடுத்த 13 வாரத்துக்கும் இடையே வரும் நாள்களுக்குப் பொதுவாகச் சம்பளம் கிடையாது. பி.டி.பி.டி.என். கடனும் அப்பாவின் வீட்டுத் தவணையும் அந்த நாள்களிலும் வந்துகொண்டுதான் இருக்கும்.