‘காணும்’ என்னும் சொல்

சென்ற ஆண்டு மாரிக்காலத்தில் நாம் கனடாவின் ரொறன்ரோ நகரிலே சில வாரங்கள் தங்கியிருந்தோம். ஒரு ஞாயிறு மத்தியானம் தமையனார் மகன் எம்மிடம் வந்து, “சித்தப்பா, இண்டைக்குத் தாய்ச் சாப்பாடு சாப்பிடப் போவம்” என்றான். ஊரைவிட்டு இத்தனை ஆயிரம் மைல் தொலைவில் தாயின் கைச்சோறு எங்கே கிடைக்கப்போகிறது என்று நாம் திகைத்தோம். அவன் சொன்னது தாய்லாந்து நாட்டு உணவை என்பது, உணவுச்சாலையின் வாசலில் இறங்கிய பின்னரே எமக்கு விளங்கிற்று.

உள்ளே நீண்ட மேசையொன்றில் இருபதுக்கு மேற்பட்ட பாத்திரங்கள் ஆவி பறக்க வரிசையாக நின்றன. ஒருமுறை பணங் கொடுத்தாற் போதும். எத்தனை முறையும் எழுந்து சென்று எவ்வளவும் அள்ளிக்கொள்ளலாம். தேங்காய்ப்பாலில் வெந்த பச்சைக் கறி, புளிப்பும் உறைப்புமான இறால் ரசம், புளியும் சர்க்கரையும் சேர்த்து வதக்கிய அரிசி நூடில்ஸ் என்று ஒவ்வொன்றிலும் எம்மூர் வாசனை ஏதோவொன்று இருந்தது. ரம்பையும் தேங்காயும் அவர்களுக்கும் சொந்தமானவை அல்லவா? ருசியிலே குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை எம்மிடமே இருந்தது.

முதலாம் தட்டு பசிக்காக. இரண்டாம் தட்டு ருசிக்காக. மூன்றாவது, கொடுத்த பணத்துக்காக. நான்காவது எதற்காக என்பது இன்றுவரை எமக்குத் தெரியாது. அதிலே பாதியை உண்ணமாட்டாமல் நாம் பெருமூச்செறிந்து கொண்டிருந்தபோது, எதிரே அமர்ந்திருந்த எட்டு வயதுப் பேத்தி, “அப்பப்பா, உங்களுக்கு இன்னும் பசிக்குதோ?” என்று கேட்டாள். கேலியாக அன்று, அறியும் ஆவலினாற் கேட்டாள். மறுமொழி சொல்ல எமக்கு நா எழவில்லை.

பலவகை உணவை மேசையிற் பரப்பி, விருந்தினர் தாமே எடுத்துண்ணும் வழக்கம் சுவீடன் நாட்டில் நெடுங்காலமாக உள்ளது. 1939ஆம் ஆண்டு நியூயோர்க்கில் நடந்த உலகக் கண்காட்சியிலே சுவீடன் மண்டபத்தில் வைக்கப்பட்ட அத்தகைய மேசை, அமெரிக்கரிடையே அவ்வழக்கத்தைப் பெரிதும் அறிமுகஞ் செய்தது. எவ்வளவு உண்டாலும் ஒரே விலை என்னும் முறையும் வணிகரிடையே பரவிற்று. இதனாற் கடைக்காரர் நட்டப்படுவார் என்று எண்ணவேண்டாம். பரிமாறுவோர் கூலி அவருக்கு மிச்சம். சோறு, நூடில்ஸ் போன்ற, வயிற்றை நிரப்பும் மலிவான பண்டங்களை முன்னேயும், விலை கூடியவற்றைக் கடைசியிலும் வைப்பது பல இடங்களில் வழக்கம். ஒருவர் மிதமிஞ்சி உண்டாலும் மற்ற ஒன்பது பேரின் வயிறு கணக்கைச் சரிசெய்துவிடும்.

தாய்லாந்து மக்களின் வீட்டு வழக்கமோ வேறு. கறிகளை நடுவே வைத்து, எல்லோரும் சூழ இருந்து, தத்தம் சோற்றுக்குச் சிறிது சிறிதாக எடுத்து உண்பதே அவர்கள் முறை. வழியிற் கண்டவரை, “சோறு சாப்பிட்டாயிற்றா?” என்று கேட்டு நலம் விசாரிப்பதும் அங்குண்டு. யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வாண்டு ஆனி மாதம் தமையனார் மகன் குடும்பத்தோடு ஊருக்கு வந்தான். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் மகோற்சவ காலம். வேலணையையும் புங்குடுதீவையும் கடந்து, குறிகட்டுவான் துறையிலே படகேறினோம். தரிசனம் முடிந்ததும் அமுதசுரபி அன்னதான மண்டபத்திற் சென்று பந்தியில் அமர்ந்தோம். அங்கும் எவ்வளவும் உண்ணலாம், விலைதான் இல்லை. நாற்புறமும் கடல் சூழ்ந்த அச்சிறு தீவிலே, இத்தனை அடியார்க்கு வேண்டிய அரிசியும் மரக்கறியும் பெரும்பாலும் படகேறியே வரவேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், இலையில் விழும் ஒவ்வோர் அகப்பைச் சோற்றின் பெறுமதியும் விளங்கும்.

எமது வரிசைக்குப் பரிமாறியவன் பதினாறு, பதினேழு வயது மதிக்கத்தக்க மாணவன். எம் அயலில் இருந்த முதியவள் ஒருத்தி மூன்று முறை சோறு வாங்கினாள். அவளது சேலையின் கிழிசல் எம் கண்ணிற் பட்டது. பையன் கண்ணிற் பட்டதோ இல்லையோ அறியோம், முதல் முறை கேட்ட அதே குரலில் மூன்றாம் முறையும், “அம்மா, இன்னும் கொஞ்சம் போடட்டோ?” என்றான். பேத்தியிடம் அவன் இரண்டாம் முறை வந்தபோது அவள் இரு கைகளாலும் இலையை மறைத்து, “காணும் அண்ணா” என்றாள். “நீர் சாப்பிட்டீரோ தம்பி?” என்று நாம் கேட்டோம். “நாங்கள் கடைசிப் பந்தி ஐயா” என்று சொல்லிக்கொண்டே அவன் அடுத்த இலைக்கு நகர்ந்தான்.

‘போதும்’ என்பதை யாழ்ப்பாணத்தார் ‘காணும்’ என்பர். ரொறன்ரோவிலே அந்தச் சொல் எம் வாயில் ஏன் வரவில்லை என்பது அப்பொழுதுதான் எமக்குப் புலப்பட்டது. அங்கே எம்மை யாரும் கேட்கவில்லை. கேட்பவர் ஒருவர் முன்னே நின்றால் நாம் வயிற்றைக் கேட்டு விடை சொல்லுகிறோம். பாத்திரம் மட்டும் முன்னே நின்றால் பணப்பையைக் கேட்கிறோம். பணப்பை ஒருநாளும் ‘காணும்’ என்று சொல்வதில்லை.

மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் இந்த நயினாதீவே என்பது அறிஞர் சிலர் கருத்து. வேறு கருத்துடையோரும் உளர். மதுரையிலே வற்றாத பாத்திரமாகிய அமுதசுரபியைப் பெற்ற ஆபுத்திரன், மழை பொழிந்து நாடு செழித்துப் பசித்தோர் இல்லாமற் போனபோது, உண்போரைத் தேடி ஊரூராக அலைந்தான். சாவகத்திற் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறினான். இடையிலே மணிபல்லவத்தில் இறங்கியவனைக் கப்பல் விட்டுச் சென்றது. ஊட்டுவதற்கு ஒருவரும் இல்லாத தீவிலே, தன் வயிற்றுக்காக மட்டும் அப்பாத்திரத்தை வைத்திருக்க அவன் மனம் ஒப்பவில்லை. கோமுகிப் பொய்கையில் அதை இட்டுவிட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான். பின்னாளில் அது மணிமேகலையின் கைக்கு வந்தது. எவ்வளவு உண்டாலும் அடங்காத ‘யானைத்தீ’ என்னும் பசிநோயால் வருந்திய காயசண்டிகைக்கு, அதிலிருந்து மணிமேகலை இட்ட ஒரு பிடி சோறு நோய் தீர்த்தது. எவ்வளவும் உண்ண முடிவதைக் காப்பியம் பேறாகச் சொல்லவில்லை; நோயாகவே சொல்லுகிறது. மாணவர்கள் இவ்விடத்தை ஊன்றிப் படிப்பார்களாக.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டிலே உலகில் வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி தொன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. 28 சதவீதமே உணவுச்சாலைகள் முதலியவற்றில். அதே 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பண்டங்களின் விலை, முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட 90 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. அந்நாட்களில் அடுப்பு மூட்டாத வீடுகளை நம்மிற் பலர் அறிவோம். ஆகையால் ரொறன்ரோ மேசையை மட்டும் பழித்துப் பயனில்லை. எமது கலியாண வீடுகளிலும் தாமே எடுத்துண்ணும் முறை வந்துவிட்டது. எமது குசினிகளிலும் மிச்சச் சோறு கொட்டப்படுகிறது. முறையை மாற்ற முடியாவிடினும், தட்டை நிரப்புமுன் பரிமாறும் பையன் ஒருவன் எதிரே நின்று கேட்பதாக எண்ணிக்கொள்ளலாமே. அவனுக்குப் பின்னால் கடைசிப் பந்தியும் காத்திருக்கிறது.

திரும்பும் வழியிற் படகிலே பேத்தி எம் மடியிற் சாய்ந்துகொண்டு, “அப்பப்பா, இண்டைக்கு உங்களுக்குக் கண்டதோ?” என்று கேட்டாள்.

இம்முறை மறுமொழி எம்மிடம் இருந்தது. “ஓம் பிள்ளை, காணும்” என்றோம்.