பறவையைக் காட்டுபவர் யார்?

இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் காணமுடியாத பறவையினங்கள் முப்பதுக்கும் மேற்பட்டவை இந்தச் சிறிய தீவில் வாழ்கின்றன. மஞ்சட்செவிக் கொண்டைக்குருவி, இலங்கை வெள்ளைக்கண்ணி, மங்கல்நீல ஈப்பிடிப்பான், இலங்கைக் காட்டுப்புறா போன்ற சில பெரும்பாலும் மலைநாட்டையே வாழிடமாகக் கொண்டவை. இவற்றைப் பார்ப்பதற்கென்றே ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பயணிகள் நுவரெலியாவுக்கு வருகிறார்கள். நகரின் நடுவிலுள்ள விக்டோரியா பூங்காவில் காலையில் சற்று நேரம் நின்றால், குளிர்காலத்தைக் கழிக்கக் காஷ்மீரிலிருந்து வந்த ஈப்பிடிப்பானையும், இந்தியாவிலிருந்து வந்த ஆறுமணிக் குருவியையும் காணும் வாய்ப்பு உண்டு. மறுநாள் விடியுமுன் புறப்பட்டு ஹோர்ட்டன் சமவெளிக்குச் செல்வது இத்தகைய பயணங்களில் வழக்கமாகிவிட்டது.

ஹோர்ட்டன் சமவெளி கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் அமைந்துள்ளது. பரப்பளவு ஏறத்தாழ 3,160 ஹெக்டேயர். 1988 இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, 2010 இல் சிவனொளிபாத மலைக் காடுகளுடனும் நக்கிள்ஸ் மலைத்தொடருடனும் சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் செல்கிறது. இக்காடு இன்றும் எஞ்சியிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாமல் விடுமாறு கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஜோசப் ஹூக்கர் ஆலோசனை கூறினார். அதற்கமைய 1873 இல் பிரித்தானிய நிர்வாகம் உத்தரவு பிறப்பித்தது.

அந்த எல்லைக்குக் கீழே இருந்த காடுகளுக்கு அவ்வாறான பாதுகாப்புக் கிடைக்கவில்லை. முதலில் கோப்பிக்காகவும், கோப்பி நோயினால் அழிந்தபின் தேயிலைக்காகவும் அவை வெட்டி வீழ்த்தப்பட்டன. வெட்டச் சொன்னவர்கள் வெள்ளைக்காரத் துரைமார். வெட்டியவர்களுள் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக அழைத்துவரப்பட்ட நம்மவர்களும் இருந்தனர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அந்தக் காட்டின் ஓரத்தில், பல இடங்களில் அதே லயன் அறைகளில் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். மலையகப் பறவைகளைப் பற்றிப் பேசும்போது இந்த மக்களையும் பேசாமல் விடமுடியாது என்பதே எனது கருத்து. ஆனால் பறவைப் பயணங்களில் இவர்கள் பேசப்படுவதில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணாக, வண்டியின் யன்னல் வழியாக எடுக்கும் ஒரு படத்துடன் அவர்களது பங்கு முடிந்துவிடுகிறது.

அண்மையில் அத்தகைய பயணம் ஒன்றில் நானும் சேர்ந்துகொண்டேன். எமது வழிகாட்டி நல்ல படிப்பாளி. ஆங்கிலப் பெயருடன் இலத்தீன் பெயரையும் தயங்காமல் சொன்னார். எல்லோரும் தேடிவந்தது இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவியை. ஓடைக் கரைகளில் இருளோடு இருளாக நடமாடும் கருநீலப் பறவை அது. விடியும்போதும் பொழுதுசாயும்போதும் மட்டுமே ஓரளவு வெளியே வரும். வழிகாட்டி கைபேசியிலிருந்து அதன் குரலை ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார். பறவை வரவில்லை.

வண்டியோட்டி வந்த இளைஞர் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த தமிழர். சற்றுத் தள்ளி நின்ற அவர் என்னிடம் மெதுவாக, "ஐயா, அது இந்த இடத்துக்கு வராது. பாலத்துக்குக் கீழே தண்ணி விழுற பக்கம்தான் இருக்கும். சத்தம் போடாம நிண்டா வரும்" என்றார். "தம்பிக்கு அதன் பெயர் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்றார். சிறுவயதில் விறகுக்குப் போகும்போது கேட்ட குரல் என்று மட்டும் சொன்னார். அவர் சொன்ன இடத்தில் நாங்கள் பேசாமல் நின்றோம். கால்மணி நேரத்தில் ஊசிபோல் கூர்மையான அந்தச் சீழ்க்கை கேட்டது. பின்னர் பறவையும் தென்பட்டது.

நான் வழிகாட்டியைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. பதிவுசெய்த குரலை ஒலிக்கவிடுவது உலகெங்கும் உள்ள பழக்கம். தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாக எண்ணிப் பறவை வெளியே வரும். ஆனால் அதற்காக அது இரைதேடுவதையும் கூட்டைக் கவனிப்பதையும் விட்டுவிடுகிறது. எங்கோ ஓரிடத்தில் ஒருமுறை செய்தால் பெரிய தீங்கில்லை. ஒரே ஓடைக்கரையில் ஒவ்வொரு குழுவும் இதையே செய்தால் அந்தப் பறவையின் நிலை என்ன? இடத்தை அறிந்தவர்களுக்கு ஒலிபெருக்கி தேவைப்படுவதில்லை. இடத்தை அறிந்தவர்கள் யார் என்பதுதான் கேள்வி.

தோட்டத்து இளைஞருக்கு அறிவு இருக்கிறது. பெயர் தெரியவில்லை, அனுமதிப்பத்திரமும் இல்லை. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்கு வழங்கும் அனுமதிகளில் பிரதேச வழிகாட்டி என்றொரு பிரிவு உண்டு. சாதாரண தரம் படித்துவிட்டுக் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகின்ற மலையகப் பிள்ளைகளில் நூறில் ஒருவரையாவது இந்தப் பக்கம் திருப்ப யாராவது முயன்றார்களா? காட்டை அண்டிய சிங்களக் கிராமத்து இளைஞர்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். இது இனக் கணக்கல்ல, அயலவரின் உரிமைக் கணக்கு.

"வருபவர்கள் வெளிநாட்டவர்கள், அவர்களுக்குத் தமிழ்ப் பெயரால் என்ன பயன்?" என்று கேட்பவர்கள் உண்டு. வெளிநாட்டவருக்கு ஆங்கிலத்தில் சொல்லத்தான் வேண்டும்; அதைக் கற்பிக்கலாம். ஆனால் நம் மொழியின் சொற்கள் உலகுக்கு உதவாதவை என்று எண்ணுவது தவறு. நீலகிரி, பழனி மலைகளின் உச்சிக் காடுகளை உலக விஞ்ஞானிகள் 'சோலை' என்ற தமிழ்ச் சொல்லாலேயே அழைக்கிறார்கள். 2017 இல் அங்குள்ள சிறு பறவைகளுக்குப் புதிய பேரினம் ஒன்றை வகுத்தபோது அதற்கு 'சோலிகோலா' என்று பெயரிட்டார்கள். சோலையில் வாழ்வது என்பது பொருள். இன்று ஆங்கில நூல்களிலும் அவை 'சோலைக்கிளி' என்றே குறிப்பிடப்படுகின்றன. தமிழ்நாட்டில் மா. கிருஷ்ணன் பறவைகளைப் பற்றித் தமிழில் எழுதினார், க. ரத்னம் பறவைப் பெயர்களைத் தேடித் தொகுத்தார். தன் வீட்டுக்குப் பின்னால் கூவும் பறவைக்குத் தன் மொழியில் ஒரு பெயர் உண்டென்று அறிந்த பிள்ளைதான் அதைக் காக்கவும் முன்வரும்.

காப்பாற்ற வேண்டிய தேவையும் பெரிது. ஹோர்ட்டன் சமவெளியின் மரங்கள் உச்சியிலிருந்து பட்டுப்போவது பல ஆண்டுகளாக அவதானிக்கப்பட்டு வருகிறது. ஆங்கிலேயர் கொண்டுவந்த மஞ்சள் பூப்பூக்கும் முட்செடி புல்வெளிகளுக்குள் பரவிக்கொண்டிருக்கிறது. பயணிகள் வீசும் பொலித்தீனை மரைகள் தின்கின்றன. இவற்றுக்கு மேலாக வெப்பநிலை உயர்கிறது. தாழ்நிலப் பறவைக்கு வெப்பம் கூடினால் மேலே ஏற இடமுண்டு. நாட்டின் அதியுயர்ந்த பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான். உச்சியில் வாழும் பறவை அதற்கு மேல் எங்கே போகும்?

இத்தகைய காட்டை வனஜீவராசிகள் திணைக்களத்தின் சில உத்தியோகத்தர்களால் மட்டும் காத்துவிட முடியாது. எல்லையில் வாழும் மக்களுக்கு அந்தக் காட்டினால் மதிப்பும் வருமானமும் கிடைக்கவேண்டும். விறகு வெட்டினால் தண்டப்பணம் விதிக்கும் இடமாக மட்டும் காடு இருந்தால், காக்கவேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு எங்கிருந்து வரும்?

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். விடுமுறையில் பிள்ளைகளுடன் நுவரெலியாவுக்கு வருகிறீர்கள். உலக முடிவில் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்புகிறீர்கள். அடுத்தமுறை வரும்போது, அந்தப் பகுதியைச் சேர்ந்த ஒருவரை வழிகாட்டியாகத் தரமுடியுமா என்று பயண ஒழுங்கு செய்பவரிடம் கேளுங்கள். கேட்பவர் பலரானால் கொடுப்பவரும் தேடத் தொடங்குவர். தோட்டப் பாடசாலைகளுக்கு உதவி அனுப்பும் சங்கங்கள், கணினிகளுடன் பத்துத் தொலைநோக்கிகளையும் ஒரு பறவைப் புத்தகத்தையும் சேர்த்து அனுப்பலாம். அதற்கான செலவு ஒரு விழா மண்டபத்தின் ஒருநாள் வாடகைக்கு மேல் போகாது.