உருளையைத் திறந்து பார்த்தே வாங்குக

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாய்க் கொல்லிமலைக்குச் செல்வோர், மலையடியை நெருங்குமுன் காளப்பநாயக்கன்பட்டியைக் கடப்பர். அப்பால் காரவள்ளியில் தொடங்கும் மலைப்பாதை 70 கொண்டையூசி வளைவுகளை உடையது. இப்பக்கத்து இளைஞர் பலருக்கு யமஹா ஆர்.எக்ஸ். 100 என்னும் மோட்டார் சைக்கிளின்மீது தீராத ஆசை. 1985 முதல் 1996 வரை எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தாரால் இந்நாட்டிற் செய்யப்பெற்ற அவ்வண்டி, செய்கை நின்று ஏறத்தாழ முப்பதாண்டாகியும், புதிதாய் விற்ற விலையினும் பன்மடங்கு கொடுத்து வாங்கப்படுகின்றது. விற்பவர், "போர்ட்டிங் செய்த சிலிண்டர்" என்று கூறி விலையை இன்னும் ஏற்றுகின்றனர். அங்ஙனம் அரைக்கப்பட்ட உருளைக்கு விலையைக் குறைத்தலே முறை என்பது என் துணிபு.

காரணம் கூறுவேன். பட்டறையார் 'டூ ஸ்ட்ரோக்' என வழங்கும் இருவீச்சு இயந்திரத்தின் தலையில் வால்வுகள் இல்லை. உருளையின் சுவரில் வெட்டப்பட்ட வாயில்களைப் பிஸ்டனே ஏறியும் இறங்கியும் மூடித் திறக்கின்றது. புகைவாயிலின் மேல்விளிம்பைச் சிறிது உயர்த்தினால் அது முந்தித் திறக்கும். மிகுந்த சுழற்சியில் வலிமை கூடும். குறைந்த சுழற்சியில் இழுப்புக் குன்றும். நீண்ட சமவெளிச் சாலையில் விரைந்தோடுவோர்க்கு அது நன்றாகலாம். வளைவுதோறும் வேகம் தணிந்து, பின்னே ஒருவரையும் முன்னே ஒரு மூட்டையையும் சுமந்து மீண்டும் ஏறவேண்டிய வண்டிக்கு அவ்விழுப்பன்றோ உயிர்? மலையில் வாழ்வோர் தமக்கு வேண்டுவதை இழந்து, வேண்டாததற்கு மிகை விலை கொடுக்கின்றனர்.

இத்திருத்தம் தன்னளவில் இழிதொழிலன்று. கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். தொழிற்சாலையிலிருந்த வால்டர் காடன் என்னும் பொறியறிஞர், வாயிலையும் புகைக்குழலையும் ஒன்றற்கொன்று பொருந்த அமைத்து, 125 சி.சி. இயந்திரத்தில் 1961ஆம் ஆண்டிலே 25 குதிரைத்திறன் கண்டார். அவ்வாண்டே அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டை விட்டகன்று ஜப்பானியச் சுசூகி நிறுவனத்தைச் சேர, அக்கலையும் அவருடன் கடல் கடந்தது. நாம் கருதவேண்டியது யாதெனின், குழலும் வாயிலும் இணை என்பதே. வாயிலை மட்டும் அரைத்துப் பழைய சைலன்சரையே மாட்டிய வண்டிகளைப் பார்க்கும்போது, ஒரு கண்ணுக்கு மட்டும் கண்ணாடி போட்டவர் நினைவே வருகின்றது.

தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பர் நம் முன்னோர். விலைக்கு வாங்கும் மாட்டையோ, பல்லும் சுழியும் பாராமல் எவரும் பிடித்துவாரார். வண்டிக்குப் பல் உருளையேயாம். முதற்கண், இயந்திரம் குளிர்ந்திருக்கையில் சென்று பார்க்க. நாம் வருமுன் ஓட்டிச் சூடேற்றி வைத்திருப்பின் ஐயுறுக. உதைகோலைக் கையால் மெல்ல அழுத்தினால் ஓரிடத்தில் நின்று எதிர்க்கவேண்டும். பின் சைலன்சரைக் கழற்றி, விளக்கொளியில் புகைவாயிலை நோக்குக. மேல்விளிம்பு கோணலாகவோ, அரத்தின் வரிகளோடோ இருந்தால் கைவேலை தெரிந்துவிடும். வாயிலின் அகலம் உருளை விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை மிஞ்சினால், பிஸ்டன் வளையம் அவ்விடைவெளியிற் பிதுங்கி விளிம்பிற் சிக்கி முறியும். விளிம்பு மழுக்கப்படாமற் கூராயிருப்பினும் அதுவே கேடு. பிஸ்டனின் பக்கத்தில் நெடுங்கீறல்கள் தோன்றின் அது முன்பே ஒருமுறை பிடித்துக்கொண்டது என்று அறிக. மலையிறக்கத்தில் அங்ஙனம் பிடித்துக்கொள்ளுமாயின் பின்சக்கரம் சுழலாது பூட்டிக்கொள்ளும். வளைவிலே அதன் விளைவை யான் விரிக்க வேண்டுவதில்லை.

இயன்றால் தலையையும் கழற்றச் சொல்லுக. லாரிக்குக் கூடு கட்டும் தொழிலாற் பெயர்பெற்ற நாமக்கல்லில் அளவுகோல் பிடிக்கத் தெரிந்தவர்க்குக் குறைவில்லை. இவ்வண்டியின் உருளை விட்டம் 50 மில்லிமீட்டர், வீச்சும் 50. கொள்ளளவு 98 சி.சி. தேய்ந்த உருளையைக் குடைந்து பெரிய பிஸ்டன் இடுவர். பிஸ்டன் உச்சியில் 25, 50, 75, 100 எனப் பொறித்த எண், நூறில் எத்தனை பங்கு மில்லிமீட்டர் பெருத்தது என்பதைக் காட்டும். 100 எனக் கண்டால் அவ்வுருளைக்கு ஆயுள் முடிவெல்லை வந்ததென்க. விட்டம் 58 என்று வருமாயின் அது ஆர்.எக்ஸ். 135 வண்டியின் உருளை. வீச்சு ஒன்றாதலால் அது எளிதிற் பொருந்தும். ஆயினும் பதிவுச் சான்றிதழில் 98 என்றே இருக்கும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, செய்தவர் குறித்த அமைப்பினின்று வண்டியை மாற்றலாகாது என்கின்றது. 2019இல் உச்சநீதிமன்றமும் அதனை வலியுறுத்திற்று. விபத்து நேர்ந்தபின் காப்பீட்டார் இயந்திரத்தை அளந்தால் வாங்கியவர் யாது சொல்வார்?

அரைத்தெடுத்த இரும்பை மீண்டும் ஒட்டவைக்க முடியாது. உள்ளுறையை மாற்றலாம், ஆனால் வாயில்களைப் புதிதாய் வெட்டவேண்டும், அவ்வேலை எல்லாப் பட்டறைக்கும் வாராது. ஆகலின், நல்ல உருளையும் பிஸ்டனும் வாங்கிப் பொருத்தும் செலவை முதலிற் கேட்டறிந்து, அதனை விலையிற் கழித்தே பேசுக. விற்பவர் கழிக்கவும் இசையார், திறந்து காட்டவும் இசையார் எனின், காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து நாமக்கல்லுக்குப் பேருந்து உண்டு.