ஏ.எஃப்.பி. ரிசல்ட் 'நார்மல்'... கல்லீரல் புற்றுநோய் இல்லைன்னு நம்பலாமா?

நத்தத்திலிருந்து திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ போய் 'ஃபுல் பாடி செக்கப்' எடுப்பவர்களின் ரிப்போர்ட்டில் சில நேரம் ஏ.எஃப்.பி. என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில் 'நார்மல்' என்று இருந்தால் நிம்மதி, ஸ்டார் போட்டிருந்தால் அன்று தூக்கம் போச்சு. இரண்டுமே அவசர முடிவுதான்.

ஏ.எஃப்.பி. என்றால் என்ன?

ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன். கருவில் இருக்கும் குழந்தையின் கல்லீரல் சுரக்கும் புரதம். பிறந்தபின் படிப்படியாகக் குறைந்து, பெரியவர்களிடம் மிகச் சொற்பமாகிவிடும். புற்றுநோயாக மாறும் கல்லீரல் செல்கள், மூடிக்கிடந்த அந்த மரபணுவை மறுபடி இயக்குகின்றன. 1963-ல் மாஸ்கோவில் ஆபெலெவ் குழு இதை எலிகளில் கண்டது. அடுத்த ஆண்டே டாட்டாரினோவ் நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தார்.

அப்புறம் ஏன் நம்ப முடியாது?

கட்டி சிறிதாக இருக்கும்போது பலருக்கு இது கூடுவதே இல்லை. மறுபக்கம், கர்ப்பத்திலும் நாள்பட்ட மஞ்சள் காமாலை வைரஸ் தொற்றிலும் புற்றுநோய் இல்லாமலே கூடும்.

செல்லுக்குள் மாற்றம் முன்பே தொடங்கிவிடுகிறது. தழும்பேறிய கல்லீரலில் முதலில் சிறு முடிச்சுகள், பிறகு அவற்றில் சில புற்றாகின்றன. அந்தக் கட்டத்தில் கிளைபிகான்-3, எச்.எஸ்.பி.70, குளுட்டமைன் சிந்தேடேஸ் ஆகிய புரதங்கள் கூடுகின்றன. ஊசி வைத்து எடுத்த திசுவில் மூன்றில் இரண்டு தெரிந்தால், அது புற்றுதான் என்பதற்கு வலுவான சாட்சி. ஆனால் இது திசுப் பரிசோதனை. ஊருக்கே ரத்தத்தில் பார்த்துவிட முடியாது. ரத்தத்தில் பார்க்க பிவ்கா-2 இருக்கிறது. ரத்தம் உறைய உதவும் புரதத்தின் அரைகுறை வடிவம் அது. வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்கும் கூடும் என்பதால் அதையும் தனியாக நம்ப முடியாது.

யார் கவனிக்கணும்?

எல்லாரும் இல்லை. குடி, சர்க்கரையோடு சேர்ந்த கொழுப்புக் கல்லீரல், ஹெபடைடிஸ் பி, சி என எதனாலோ கல்லீரல் சுருங்கி 'சிரோசிஸ்' வந்தவர்கள்தான் முக்கியம். ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கு சிரோசிஸ் வராமலே புற்று வரலாம். அதோடு பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் உள்ள அஃப்ளாடாக்சினும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. கடலை கசந்தால் துப்பிடுங்க, விழுங்க வேண்டாம்.

இவர்களுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட், கூடவே ஏ.எஃப்.பி. சிரோசிஸ் நோயாளிகள் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வந்த கணக்கு இது: ஆரம்பக் கட்டியுள்ள 100 பேரில் ஸ்கேன் மட்டும் பார்த்தால் சுமார் 45 பேர் சிக்குவார்கள், ரத்தப் பரிசோதனையும் சேர்த்தால் 63 பேர். மீதிப் பேர் தப்பிவிடுகிறார்கள், அதனால்தான் 6 மாதத்தில் திரும்ப வரச் சொல்கிறார்கள். 'போன தடவை நார்மல்தானே' என்று விடுவதுதான் சிக்கல்.

செலவு?

ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் மருந்தும் 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம். அரசு மருத்துவமனையில் கேளுங்க. கீழாநெல்லி குடிச்சோம், காமாலை இறங்கிடுச்சு என்பவர்களும் இந்த ஒரு டெஸ்ட்டையாவது எடுத்துவிடலாம். கண் மஞ்சள் போனாலும் வைரஸ் உள்ளே தங்கியிருக்கலாம்.

போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துட்டுப் போங்க. 6, பிறகு 11, இப்போது 19 என்றால் மூன்றுமே 20-க்குக் கீழேதான். ஆனாலும் அந்த ஏற்றத்தை டாக்டர் பார்க்கணும்.