கொடுப்பது நம் கடன்

சென்ற பருவத்தில் நம் விடுதி நண்பர் ஒருவருக்கு உணவுக் கட்டணம் செலுத்த வழியில்லாமற் போயிற்று. நாம் கூடிப் பணம் திரட்டினோம். நானும் இருநூறு ரூபாய் கொடுத்தேன். யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலை, அவர் பெயரைத் தலைப்பிலிட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். மறுநாள் முதல் அவர், எல்லோரும் உண்டு எழுந்த பின் தனியே வந்து உண்டார். நாம் செய்தது உதவிதானா?

யூதர்களின் அறநெறி பற்றிப் படித்தபோது இக்கேள்வி மீண்டும் எழுந்தது. ஏழைக்குக் கொடுப்பதை அவர்கள் 'செதாக்கா' என்பர். எபிரேய மொழியில் நீதியைக் குறிக்கும் சொல்லும் அதுவும் ஒரே வேரில் பிறந்தவை. நம் 'அறம்' என்ற சொல்லும் அப்படித்தானே? நேர்மையும் அறம், ஏழைக்கு இடுவதும் அறம்.

வயலின் ஓரத்தை அறுக்காமல் விடச் சொல்கிறது லேவியராகமம். சிந்திய கதிரையும் பொறுக்கலாகாது. அவை ஏழைக்கும் அயலானுக்கும் உரியவை. மோவாப் நாட்டிலிருந்து வந்த கைம்பெண் ரூத், போவாசின் வயலில் கதிர் பொறுக்கியது இந்த முறைப்படிதான். ஊரை விட்டு வந்த நாமும் இங்கே அயலார்தாம். ஓரம் அறுபதில் ஒரு பங்குக்குக் குறையலாகாது என்று மிஷ்னா அளவும் சொல்கிறது. எருசலேம் ஆலயத்தில் ஓர் அறை இருந்ததாகவும் அது கூறும்: கொடுப்போர் மறைவாக இடுவர், நல்ல குடியிற் பிறந்து நலிந்தோர் மறைவாகப் பெறுவர்.

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமானிடீஸ் ஈகையை 8 படிகளாக வகுத்தார். கடன் தந்தோ, தொழிலில் கூட்டுச் சேர்த்தோ, வேலை தேடித் தந்தோ ஒருவனைச் சொந்தக் காலில் நிற்க வைப்பது உச்சிப்படி. கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரையொருவர் அறியாதது அதற்கு அடுத்த படி.

பெயர் போடாவிட்டால் யார் கொடுப்பார் என்று சிலர் கேட்கலாம். தொகை சற்றுக் குறையக்கூடும், ஒப்புக்கொள்கிறேன். முகம் கோணிக் கொடுப்பதையும் மைமானிடீஸ் தள்ளிவிடவில்லை. கடைசிப் படியில் வைத்தார். ஆனால் படிகள் இருப்பது ஏறுவதற்குத்தானே?

அறநிதியை இருவர் திரட்ட வேண்டும், மூவர் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பது மிஷ்னா வகுத்த முறை. நம் சங்கமும் பூட்டிய உண்டியல் ஒன்று வைக்கட்டும். இருவர் திறக்கட்டும், மூவர் கூடிக் கொடுக்கட்டும், பெற்றவர் பெயர் எவர் வாயிலும் வர வேண்டாம். முடிந்தால், பாடம் சொல்லிக்கொடுத்துப் பொருளீட்ட ஓர் இடமும் தேடித் தருவோம்.

அந்த நண்பர் மீண்டும் நம்மோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும் நாளில்தான் நம் கடன் தீரும்.