பழைய பிக்கப் வாங்குமுன் என்ஜினின் அளவை அறிவீர்

குயிலாப்பாளையம், மரக்காணம் வட்டாரங்களில் சவுக்கு, முந்திரி, தர்பூசணி பயிரிடும் சிறு விவசாயிகள், விளைபொருளை ஏற்றிச் செல்லப் பழைய பிக்கப் வண்டிகளை வாங்குகின்றனர். டயரையும் பெயின்டையும் கவனிக்கும் நம்மவர்கள் என்ஜினைப் பற்றித் தரகர் சொல்வதை அப்படியே நம்பி விடுகின்றனர். இது சரியல்ல.

வண்டியின் பெயரில் உள்ள எண் என்ஜினின் அளவு ஆகாது. டாடா 207 டி.ஐ. வண்டியின் என்ஜின் 2956 சி.சி. பழைய மகிந்திரா பொலேரோ பிக்கப்பில் இருப்பது 2523 சி.சி. 2005-ல் வந்த முதல் டாடா ஏஸ் 702 சி.சி. மட்டுமே, சிலிண்டரும் இரண்டுதான். ஒன்றின் பிஸ்டனும் கேஸ்கெட்டும் மற்றொன்றுக்குப் பொருந்தா.

சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் இடத்தின் மொத்தக் கொள்ளளவே சி.சி. ஆகும். 207-ல் உள்ள டாடா 497 என்ஜினில் 4 சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் உள்விட்டம் 97 மில்லிமீட்டர். பிஸ்டன் 100 மில்லிமீட்டர் தூரம் நகர்கிறது. இவற்றைக் கணக்கிட்டால் 2956 சி.சி. வரும்.

அளவை அறிய முதலில் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். சி.சி., சிலிண்டர் எண்ணிக்கை, என்ஜின் எண், சேசிஸ் எண் யாவும் அதில் உண்டு. பின்னர் என்ஜினில் பொறித்துள்ள எண்ணுடன் ஒப்பிட வேண்டும். உப்பளக் காற்றில் இந்த எண் துருவேறி மறைந்திருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்தால் தெரியும். அரம் போட்டுத் தேய்க்கக் கூடாது. எண் அழிந்தால் பின்னர் தொல்லை உங்களுக்கே.

எண்கள் ஒத்துப் போகாவிட்டால் என்ஜின் மாற்றப்பட்டிருக்கலாம். அப்படியானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் பெற்று, புதிய எண் ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். இல்லையேல் விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் தொகை பெறுவதிலும் சிக்கல் வரும்.

மற்றொன்று: சிலிண்டரை ரீபோர் செய்திருந்தால் ஆர்.சி.யில் அது தெரியாது. விட்டம் அரை மில்லிமீட்டர் கூடினால் 207-ன் சி.சி. சுமார் 30 மட்டுமே கூடும். ஆனால் பழைய அளவுப் பிஸ்டன், ரிங் பொருந்தாது. மெக்கானிக் உள்விட்டத்தை அளந்த பின்னரே உதிரிப் பாகம் வாங்க வேண்டும்.

விதை வாங்கும்போது மூட்டையில் உள்ள சான்று அட்டையைப் பார்க்கும் விவசாயி, அதைவிடப் பன்மடங்கு பணம் போடும் வண்டியில் எண்ணைப் பார்க்கத் தயங்குவானேன்? எண் ஒத்துப் போகாத வண்டி எத்தனை மலிவானாலும், அதற்கு முன்பணம் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.