குறி ஒன்று, தைத்த இடம் வேறு

தெமோதரை அன்பர் ஒருவர் இவ்வாரம் நமக்கு ஒரு வினா விடுத்திருக்கிறார். வெள்ளைக்காரத் துரைமாரின் பழைய வேட்டை நூல்களைப் படித்து வருகையில், ஒரே துவக்குக்கு இருவகைக் குண்டுகளை அவர்கள் வைத்திருந்ததைக் கண்டாராம். "துவக்கு ஒன்று, கண் ஒன்று, கை ஒன்று, குண்டை மட்டும் மாற்றினால் குறி ஏன் மாறவேண்டும்?" என்பது அவருடைய ஐயம். ஊவா மாகாணத்தவர் கேட்கத் தகுந்த கேள்விதான்.

பதுளையில் உதவி அரசாங்க ஏஜெண்டாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் கொன்றவர் எனப்படுகிறார். 1845-இல் அப்புத்தளையில் இடி தாக்கி அவர் மாண்டார். அந்த எண்ணிக்கையை இன்று படிக்கும்போது வியப்பு வரவில்லை, வயிறுதான் எரிகிறது. அது நிற்க. அவர் காலத்து யானை வேட்டை மிகக் கிட்டத்தில் நின்று செய்யப்பட்டது. பத்துப் பதினைந்து கஜத்தில் குண்டு வழி மாறுவதற்கு நேரமே இல்லை. பத்தனாப் புல்வெளியின் எதிர்ச்சரிவில் மேயும் மரையோ நூறு, இருநூறு கஜத்துக்கு அப்பால் நிற்கும். குண்டின் குணபேதங்கள் யாவும் வெளிப்படுவது அங்கேதான்.

நுவரெலியாவில் குடியிருந்து 1855-இல் இத்தீவை விட்டு நீங்கிய சாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவரைக் கொண்டு 1840-இல் ஒரு துவக்குச் செய்வித்தார். அதன் விவரங்களை 1890-இல் வெளியான தமது நூலில் தந்திருக்கிறார். எடை 21 இறாத்தல். குழலின் நீளம் 36 அங்குலம். ஒரு வேட்டுக்கு மருந்து 16 டிராம், அதாவது முழுதாக ஓர் அவுன்சு. இதில் இடும் உருண்டைக் குண்டின் எடை 3 அவுன்சு. கூர்முனைக் குண்டோ 4 அவுன்சு. ஒரே அளவு மருந்து ஒன்றுக்கு 3 அவுன்சையும் மற்றொன்றுக்கு 4 அவுன்சையும் தள்ளவேண்டியிருக்கிறது! இரண்டும் ஒரே புள்ளியில் தைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு நியாயமே இல்லை.

காரணம் இரண்டு. முதலாவது, புவியின் ஈர்ப்பு. காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு நூறு கஜத்தைக் கடப்பதற்குள் சுமார் 6 சென்டிமீட்டர் தாழ்கிறது. 500 மீட்டர் வேகமாயின் 16 சென்டிமீட்டர். இது எவர்க்கும் எளிதில் விளங்கும். இரண்டாவது காரணம் சற்று வினோதமானது. மருந்து பற்றிய கணத்திலேயே துவக்கு பின்னே உதைக்கத் தொடங்கிவிடுகிறது. குழல் தோளுக்கு மேலாக அமைந்திருப்பதால், அவ்வுதை துவக்கின் வாயை மேல்நோக்கித் தூக்குகிறது. குண்டு அப்போது இன்னும் குழலுக்குள்ளேயே இருக்கிறது! கனத்த குண்டு மெதுவாக நகர்ந்து தாமதித்து வெளிவருவதால், அதற்குள் வாய் அதிகமாக உயர்ந்துவிடுகிறது. ஆகவே அது கிட்டத்தில் மேலாகவும், தொலைவில் கீழாகவும் தைக்கக் கூடும். போதாக்குறைக்கு, குழலும் தம்பூராவின் தந்திபோல் அதிர்கிறது. குண்டு எந்த அதிர்வில் வெளியேறுகிறதோ, அதற்கேற்ப இடமோ வலமோ விலகும். இதனைக் கணக்கினால் மட்டும் அறிய இயலாது. சுட்டுப் பார்த்தே அறியவேண்டும்.

சில அங்குல வித்தியாசந்தானே என்று எண்ணலாகாது. நெஞ்சில் தைக்கவேண்டிய குண்டு வயிற்றில் தைத்தால் விலங்கு புதருக்குள் ஓடி மறைந்து நாட்கணக்கில் வதைபடும். அதனைத் தேடி நுழைய வேண்டியவர் துரை மட்டும் அல்லர். முன்னே அடிபார்த்துச் செல்பவனுக்கும், பின்னே இரண்டாம் துவக்கைச் சுமந்து நிற்பவனுக்கும் உயிராபத்து அதுவே. வட இந்தியாவில் சம்பாவத்துப் பெண்புலியை 1907-இல் ஜிம் கார்பெட் வீழ்த்தியபோது, அதன் வலப்புறத்து மேல், கீழ்க் கோரைப் பற்கள் பழைய துவக்குக் காயத்தால் உடைந்திருக்கக் கண்டார். இயல்பான இரையைப் பிடிக்க இயலாமற்போன அப்புலி 436 மனிதரைக் கொன்றது என்பது அவர் தரும் கணக்கு. யாரோ ஒருவர் குறி தவறிச் சுட்டதற்கு, அவரை அறியாத ஏழை எளியவர்கள் விலை கொடுத்தார்கள்.

இனி, இருவகைத் தோட்டாக்களையும் ஓரிடத்தில் தைக்கச் செய்யும் முறையைப் பார்ப்போம். துவக்கை மணல்மூட்டையின்மேல் அசையாமல் வைத்து, நூறு கஜத்தில் நாட்டிய அட்டையில் ஒரு வகையால் மூன்று வேட்டேனும் சுடுவர். ஒரே வேட்டை நம்புவது மடமை. மூன்று துளைகளின் நடுவிடத்தைக் குறித்துக்கொண்டு, குழல் ஆறியபின் மற்ற வகையாலும் அவ்வாறே சுட்டு, இரு நடுவிடங்களுக்கும் உள்ள இடைவெளியை அளப்பர். பின்னர் இரண்டாவது தோட்டாவின் மருந்தைச் சிறுகச் சிறுக மாற்றி நெருங்கி வருவர். அவசரப்பட்டு எல்லைமீறி மருந்தை ஏற்றினால் குழலே வெடித்துவிடும். எவ்வளவு முயன்றும் இசையாத சோடிகளும் உண்டு. அப்போது விலகலைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, அதற்கேற்பக் குறிபார்ப்பதே வழி. நூறு கஜத்தில் இசைந்தவை இருநூறில் பிரிந்துவிடுவதும் இயல்பே.

தட்பவெப்பமும் தன் பங்கைச் செய்கிறது. கார்டைட் என்னும் புகையற்ற மருந்து வெயிலில் உக்கிரமாகும். ஆகையால் வெப்ப நாடுகளுக்கென்று மருந்து குறைத்த தோட்டாக்களை ஆங்கில நிறுவனத்தார் தனியே செய்து விற்றனர். பண்டாரவளைக் குளிரில் குறி திருத்திய துவக்கை வெல்லவாயா வெயிலுக்கு எடுத்துச் சென்றவர் இதனை அனுபவத்தில் அறிந்திருப்பார்.

அந்த வேட்டைக்காலம் இன்று இல்லை. வேட்டையாடியவர்களே முன்னின்று 1894-இல் விலங்குகளைக் காக்கச் சங்கம் அமைத்தனர். 1937-ஆம் ஆண்டில் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் பிறந்தது.

எனினும் அன்பரின் வினாவுக்கு முழு விடை இரட்டைக்குழல் துவக்கில்தான் இருக்கிறது. அதன் குழல்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுபவையல்ல. முன்னே செல்லச் செல்ல மெல்ல நெருங்குமாறு பொருத்தப்பட்டவை. வலக்குழலின் உதை துவக்கை வலப்புறமும், இடக்குழலின் உதை இடப்புறமும் திருப்பும். அத்திருப்பத்தை ஈடுசெய்து இரு குண்டுகளும் ஓரிடத்தில் சேருமாறு, கம்மியன் சுட்டுச் சுட்டுப் பார்த்துக் குழல்களைப் பற்றவைக்கிறான். அந்த இணக்கம் ஒரே ஒரு தோட்டாவுக்குத்தான் செல்லும். அதனினும் மெதுவானதை இட்டால் இரு குண்டுகளும் அகன்று விலகும். வேகமானதை இட்டால் குறுக்கே கடந்துபோகும். இதனாலேயே ஆங்கிலக் கம்மியர் குழல்களின் அடிப்புறத் தட்டையில் மருந்தின் எடையையும் குண்டின் எடையையும் செதுக்கி வைத்தனர். .450 அளவுத் துவக்காயின் கார்டைட் 70 கிரெயின், குண்டு 480 கிரெயின் என்பது வழக்கம்.